தரவுப் பகுப்பாய்வு கற்க எந்த மொழி, எந்த நூல்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, நான் பி.காம். முடித்து, பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் மெர்ச்சண்டைசிங் பிரிவில் பணிபுரிகிறேன். ஒவ்வொரு ஆர்டருக்கும் வெட்டிய பீஸ், தைத்த பீஸ், செக்கிங்கில் ஒதுக்கிய பீஸ் எல்லாம் எக்செல் கோப்புகளாக இருக்கின்றன. எந்த லைனில், எந்தத் துணியில் டேமேஜ் அதிகம் என்று முதலாளி கேட்டால், கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து கூட்டிச் சொல்ல இரண்டு நாள் ஆகிறது. பைத்தான் அல்லது ஆர் என்னும் கணினி நிரல்மொழி கற்றால் எளிதாகும் என்கிறார்கள். பயிற்சி மையம் ஒன்றில் 50,000 ரூபாய்க்கு மேல் கேட்கிறார்கள். யூடியூபில் நான்கைந்து பாடங்களைத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன். எதைத் தேர்ந்தெடுப்பது?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது முதலாளி கேட்கும் அந்தக் கேள்விதான். எந்த லைனில், எந்தத் துணியில் டேமேஜ் கூடுகிறது என்பது போன்ற ஒரு திட்டமான கேள்வி கையில் இருந்தால், ஒரு பாடத்தைப் புரட்டிப் பார்த்தவுடனேயே அது உங்களுக்கு உதவுமா, உதவாதா என்று நீங்களே எடைபோட்டுவிடலாம். நீங்கள் பாதியில் விட்ட பாடங்கள் பெரும்பாலும் மென்பொருள் எழுதப் போகிறவர்களை மனத்தில் வைத்துத் தயாரித்தவையாக இருக்கும். அவற்றில் உங்களுக்கு வேண்டிய அட்டவணை வேலை கடைசியில்தான் வரும். சிலவற்றில் வரவே வராது. ஆகவே அவற்றை விட்டதற்காக வருந்த வேண்டியதில்லை.

முதலில் மொழியைத் தீர்த்துக்கொள்வோம். ஆர் மொழியை 1990களின் தொடக்கத்தில் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன் என்னும் இரண்டு புள்ளியியல் ஆசிரியர்கள் உருவாக்கினார்கள். அட்டவணையும் சராசரியும் வரைபடமும் அதனோடு பிறந்தவை. பைத்தான், கீடோ வான் ராசம் 1991ல் வெளியிட்ட பொதுப்பயன் மொழி. அதில் அட்டவணையைக் கையாளும் பாண்டாஸ் என்னும் நிரல் தொகுப்பை வெஸ் மெக்கின்னி 2008ல்தான் எழுதத் தொடங்கினார். எனவே பைத்தானில் நுழைபவர் மொழியைக் கொஞ்சமும், அதன்மேல் பாண்டாஸை நிறையவும் கற்க வேண்டியிருக்கிறது. இந்தக் கூடுதல் சுமை இருந்தும் உங்களுக்கு நான் பைத்தானையே சொல்வேன். கோப்புகளைத் தானாகத் திறந்து, தொகுத்து, அறிக்கையாக்கி, தினமும் காலையில் அனுப்பி வைக்கும் வேலை அடுத்தபடியாக உங்கள் மேசைக்கு வரத்தான் போகிறது. அதற்குப் பைத்தான் வசதியானது. தவிர, திருப்பூர், கோவை வட்டாரத்தில் சிக்கிக்கொண்ட இடத்தில் கூப்பிட்டுக் கேட்கப் பைத்தான் தெரிந்தவர்கள் எளிதாகக் கிடைப்பார்கள். பக்கத்தில் கேட்க ஆள் உண்டா என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. தனியாகக் கற்பவருக்கு அது பெரிய துணை.

நூல் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், மெக்கின்னியே எழுதிய 'பைத்தான் ஃபார் டேட்டா அனாலிசிஸ்' நூலின் மூன்றாம் பதிப்பைச் சொல்வேன். 2022ல் வந்த அந்தப் பதிப்பை இணையத்தில் முழுமையாக, கட்டணமின்றிப் படிக்கலாம். ஆனால் அதை முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்க வேண்டாம். மொழியின் அடிப்படைகளைச் சொல்லும் இரண்டு, மூன்றாம் அத்தியாயங்களை ஒரு வாரத்தில் கடந்துவிடுங்கள். எண் அணிகள் பற்றிய நான்காம் அத்தியாயத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஐந்தில் பாண்டாஸ் அறிமுகமாகிறது, ஆறில் கோப்புகளைத் திறக்கும் முறை வருகிறது, ஏழில் தரவைத் தூய்மை செய்வது வருகிறது. அந்த ஏழாம் அத்தியாயத்தில்தான் நீங்கள் நெடுநாள் தங்க வேண்டும். ஏனென்றால் ஒரே நிறத்தை ஒரு கோப்பில் 'நேவி' என்றும், இன்னொன்றில் 'நேவி புளூ' என்றும், மூன்றாவதில் சுருக்கமாகவும் எழுதிவைத்திருப்பீர்கள், கணினியோ அவை மூன்றையும் மூன்று நிறங்களாகவே எண்ணும்.

எட்டாம் அத்தியாயத்தில் உங்கள் தொழிலுக்கென்றே அமைந்தாற்போல ஒன்று இருக்கிறது. எஸ், எம், எல், எக்ஸ்எல் என்று அளவுக்கொரு நெடுவரிசை வைத்துப் பீஸ் எண்ணிக்கையை எழுதுவதே நம் பனியன் கம்பெனிகளின் வழக்கம். கண்ணால் பார்க்க அதுவே வசதியும்கூட. ஆனால் அளவுவாரியாக டேமேஜ் விழுக்காட்டைக் கணக்கிட வேண்டுமானால், 'அளவு' என்ற ஒரே நெடுவரிசையும் 'எண்ணிக்கை' என்ற இன்னொன்றும் இருந்து, ஒவ்வோர் அளவும் தனி வரியாக இறங்க வேண்டும். பாண்டாஸில் 'மெல்ட்' என்னும் கட்டளை இதை ஒரே வரியில் செய்துவிடும். எந்தப் பாடத்தை எடுத்தாலும், இந்த மாற்றத்தை அது சொல்லித் தருகிறதா என்று பொருளடக்கத்தில் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் அது உங்களுக்கான பாடம் அன்று. அதைத் தேட ஐந்து நிமிடம்கூட ஆகாது.

மெக்கின்னியின் நூலில் ஒரு குறை உண்டு. அத்தியாயத்தின் முடிவில் பயிற்சிக் கேள்விகள் கிடையா. அந்த இடத்தை உங்கள் கோப்புகளால் நிரப்புங்கள். படித்த ஒவ்வொரு கட்டளையையும் அன்றைக்கே சென்ற மாத ஆர்டர் ஒன்றின்மேல் ஓட்டி, வந்த விடையை நீங்கள் கையால் கூட்டிய கணக்கோடு ஒத்துப் பாருங்கள். கெடு வைத்து யாராவது வேலை வாங்கினால்தான் படிப்பேன் என்பவராக இருந்தால், இணையவழிப் பாடங்கள் தரும் என்பிடெல் தளத்தில் ஐஐடி சென்னை நடத்தும் நான்கு வாரப் 'பைத்தான் ஃபார் டேட்டா சயின்ஸ்' பாடம் இருக்கிறது. வாரந்தோறும் ஒப்படைப்பு உண்டு. படிப்பதற்குக் கட்டணம் இல்லை, சான்றிதழ் தேர்வுக்கு மட்டுமே கட்டணம்.

பழைய பாடங்களைக் குறித்து ஓர் எச்சரிக்கை. திரையில் 'பிரின்ட்' என்ற சொல்லுக்குப் பின் அடைப்புக்குறி இல்லாமல் எழுதிக் காட்டினால், அது 2020 ஜனவரி முதல் நாளோடு ஆதரவு நிறுத்தப்பட்ட பைத்தான் 2. அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். அட்டவணையில் புது வரிகளைச் சேர்க்க 'அப்பெண்ட்' கட்டளையைக் கற்பித்தால், அது 2023ல் பாண்டாஸ் 2.0 வருவதற்கு முந்தைய பாடம். இன்றைய பாண்டாஸில் அந்தக் கட்டளை நீக்கப்பட்டுவிட்டது, 'கான்கேட்' என்பதே இப்போது வழி. இது தெரியாமல் எத்தனையோ பேர் தம் அறிவின்மேல் பழியைப் போட்டுக்கொண்டு படிப்பையே விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டுமுன், உங்கள் கம்பெனிக் கோப்பு ஒன்றில் பெயர்களையும் விலைகளையும் மறைத்து எடுத்துப் போய், வகுப்பில் இதை வைத்துப் பழக விடுவீர்களா, நான் எழுதும் நிரலைத் திருத்தித் தருபவர் யார் என்று நேரில் கேளுங்கள். இரண்டுக்கும் தெளிவான விடை கிடைத்தால் அந்தத் தொகைக்கு ஒரு பொருள் உண்டு. விடையில் மழுப்பல் தெரிந்தால், நான் மேலே சொன்ன இலவச வழியிலேயே மூன்று மாதம் நடந்து பாருங்கள். அலுவலகக் கணினியில், பைத்தானையும் பாண்டாஸையும் சேர்த்தே தரும் அனகோண்டா தொகுப்பை நிறுவுமுன் ஒன்றைக் கவனியுங்கள்: 200 பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் நிறுவனங்கள் அதைக் கட்டணம் செலுத்தியே பயன்படுத்த வேண்டும் என்பது அதன் உரிம விதி. பைத்தானைத் தனியே இறக்கி, பாண்டாஸைச் சேர்த்துக்கொண்டால் இந்தச் சிக்கல் எழாது.

கேள்வி: சோமனூரில் விசைத்தறி வைத்திருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவன் நான், கோவைக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. புள்ளியியல் படிக்கிறேன். பாடத்தில் ஆர் மொழி இருக்கிறது. நூல்களில் எல்லாம் அமெரிக்கக் கார்களும் அயல்நாட்டுப் பூக்களுமே எடுத்துக்காட்டாக வருகின்றன, மனம் ஒட்டவில்லை. மனம் ஒட்டிப் படிக்க என்ன வழி?
– ஒரு மாணவர்

பதில்: தம்பி, ஆர் மொழியைத் திறந்து 'வார்ப் பிரேக்ஸ்' என்ற சொல்லை ஆங்கிலத்தில், சிறிய எழுத்துகளில், இடைவெளி விடாமல் தட்டிப் பாருங்கள். தறியில் பாவு இழை எத்தனை முறை அறுந்தது என்ற கணக்கு 54 வரிகளாகத் திரையில் விரியும். மான்செஸ்டர் பருத்தி ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய டிப்பெட் என்னும் புள்ளியியலாளர் 1950ல் வெளியிட்ட நூலிலிருந்து எடுத்து, ஆர் மொழியோடு சேர்த்தே வைத்திருக்கும் தரவு அது. கம்பளி நூல் ஏ, பி என இரண்டு வகை. பாவின் இழுவை தளர்வு, நடுத்தரம், இறுக்கம் என மூன்று நிலை. ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒன்பது தறிகள்.

இப்போது ஒவ்வொரு சேர்க்கைக்கும் சராசரி எடுங்கள். ஏ வகை நூலில் இழுவை தளர்வாக இருந்தபோது சராசரியாக 44.6 முறை இழை அறுந்திருக்கிறது. நடுத்தர இழுவையில் அது 24 ஆகிவிட்டது, இறுக்கத்தில் ஏறத்தாழ அங்கேயே நின்றுவிட்டது. பி வகை நூலிலோ தளர்வுக்கும் நடுத்தரத்துக்கும் வேறுபாடே இல்லை, இரண்டும் 28ஐ ஒட்டியே இருக்கின்றன. இறுக்கத்துக்குப் போனபிறகுதான் 18.8க்கு இறங்குகிறது. இழுவையின் விளைவு நூலுக்கு நூல் மாறுகிறது என்பதைத்தான் உங்கள் பாடநூல் 'இடைவினை' என்ற தலைப்பில் பக்கம் பக்கமாக விளக்குகிறது. இந்த ஆறு எண்களையும் வீட்டில் பெரியவர்களிடம் காட்டி, இழுவை தளர்ந்தால் இழை ஏன் கூடுதலாக அறுகிறது என்று கேளுங்கள். தறியோடு வாழ்ந்தவர்கள் சொல்லும் காரணம் உங்கள் பகுப்பாய்வுக்கு அடுத்த கேள்வியைத் தரும்.

இதைப்போல இன்னொன்றும் உண்டு. நாமக்கல், பல்லடம் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் உறவினர் இருந்தால், 'சிக் வெயிட்' என்ற தரவு அவர்களையும் பேச வைக்கும். 50 குஞ்சுகளின் எடையைப் பிறந்த நாள் தொடங்கி 21ஆம் நாள் வரை, நான்கு வகைத் தீவனத்தில், 12 முறை எடுத்த கணக்கு. 50ஐ 12ஆல் பெருக்கினால் 600 வரிகள் இருக்க வேண்டும்; ஆனால் இருப்பவை 578. கடைசி நாளில் 45 குஞ்சுகளுக்கு மட்டுமே எடை இருக்கிறது. இடையில் விடுபட்ட குஞ்சுகளைக் கவனிக்காமல் கடைசி நாள் சராசரியை மட்டும் ஒப்பிட்டுவிட்டு, 'இந்தத் தீவனமே சிறந்தது' என்று முடிவுகட்டும் பாடங்களை நான் பார்த்திருக்கிறேன். வரிகளை எண்ணிப் பார்க்கச் சொல்லாத பாடத்தை நம்பாதீர்கள்.

நூலைப் பொறுத்தவரை, ஹாட்லி விக்கமும் மற்றவர்களும் எழுதிய 'ஆர் ஃபார் டேட்டா சயின்ஸ்' நூலின் இரண்டாம் பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2023ல் வந்தது, இதுவும் இணையத்தில் இலவசம். முதல் அத்தியாயத்திலேயே வரைபடம் போட வைத்துவிடுகிறார்கள், பயிற்சிக் கேள்விகளும் ஏராளம். அதிலும் பென்குயின்கள்தாம் வருகின்றன. பென்குயின் வரும் இடத்தில் உங்கள் தறிக் கணக்கைப் போட்டுச் செய்து பாருங்கள். நூலகத்தில் கிடைக்கும் பழைய நூல்களில், கோப்பிலிருந்து படித்த சொற்கள் எல்லாம் தாமாகவே 'ஃபேக்டர்' எனப்படும் வகைப்பெயர்களாக மாறிவிடும் என்று எழுதியிருக்கும். 2020ல் வந்த ஆர் 4.0 முதல் அப்படி மாறுவதில்லை. அந்த ஒரு மாற்றத்தை நினைவில் வைத்துக்கொண்டால் பழைய நூல்களும் புள்ளியியல் விளக்கத்துக்கு இன்றும் நன்றாகவே பயன்படும்.

கேள்வி: நான் தமிழ்வழியில் படித்தவள். வீட்டில் மஞ்சள் வெள்ளாமை. ஈரோட்டு மார்க்கெட்டின் விரலி, கிழங்கு விலைகளைத் தேதிவாரியாகக் குறித்து வைத்திருக்கிறேன். தமிழில் படிக்கப் பாடங்கள் உண்டா?
– ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: உண்டு, அதுவும் பலருக்கும் நினைவுக்கு வராத இடத்தில். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் நூல் பெரும்பாலும் பைத்தானைக் கற்பிக்கிறது. தமிழ்வழிப் பதிப்பை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். காற்புள்ளியால் பிரித்து எழுதும் சிஎஸ்வி கோப்புகளைப் படிப்பது, தரவுத்தளத்துக்கான எஸ்க்யூஎல் மொழி கொண்டு தரவைத் தேடுவது, கோட்டு வரைபடமும் வட்ட வரைபடமும் வரைவது வரை அதில் இருக்கிறது. பாண்டாஸ் மட்டும் அதில் இல்லை என்பதால், அந்த நூலை முடித்தபின் மேலே திருப்பூர் வாசகிக்குச் சொன்ன நூலுக்குப் போகலாம். 2012ல் தொடங்கிய கணியம் இணைய இதழ் நிரலாக்கத்தைத் தமிழில் விளக்கும் கட்டுரைகளையும் மின்னூல்களையும் இலவசமாக வெளியிட்டு வருகிறது. ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் சுமார் பத்து நிமிடப் பாடங்கள் பலவற்றுக்குத் தமிழ் ஒலிப்பதிவும் இருக்கிறது.

விளக்கத்தைத் தமிழில் படித்தாலும் பிழைச் செய்திகள் ஆங்கிலத்தில்தான் வரும். அவற்றைக் கண்டு மிரள வேண்டாம். திரும்பத் திரும்ப வருபவை இருபதைத் தாண்டாது. ஒரு நோட்டில் செய்தியையும், அது எதனால் வந்தது என்பதையும் உங்கள் சொந்தத் தமிழில் எழுதி வாருங்கள். 'கீ எரர்' என்று வந்தால் நீங்கள் கேட்ட பெயரில் நெடுவரிசை இல்லை என்று பொருள். பெரும்பாலும் தலைப்பின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கும்.

உங்கள் விலைக் குறிப்பேட்டுக்கு இரண்டு விஷயங்கள் முக்கியம். 'விரலி', 'கிழங்கு' என்று தமிழிலேயே எழுதியிருந்தால், எக்செலில் சேமிக்கும்போது 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள்; சாதாரண சிஎஸ்வி என்று சேமித்தால் எழுத்துகள் அத்தனையும் கேள்விக்குறிகளாகிவிடும். அடுத்தது தேதி. 05-03-2024 என்று நாம் எழுதுவது மார்ச் ஐந்தாம் தேதி. பாண்டாஸ் தன் இயல்பில் மாதத்தை முதலில் வைத்து, அதை மே மூன்றாம் தேதி என்று எடுத்துக்கொள்ளும். விலை வரைபடத்தில் வரத்து மிகுந்த மாசி, பங்குனி விலைகள் கோடை முடிவுக்கு இடம் மாறி நின்றாலும் உடனே கண்டுபிடிக்க முடியாது. 'டே ஃபர்ஸ்ட்' என்ற குறிப்பைச் சேர்த்துவிட்டால் நாள் முதலில் வருகிறது என்று அதற்குப் புரியும். இந்தியத் தேதி முறையைப் பற்றி அயல்நாட்டுப் பாடங்கள் பெரும்பாலும் பேசுவதில்லை. மத்திய அரசின் அக்மார்க்நெட் தளத்தில் பல சந்தைகளின் விலைகள் கிடைக்கின்றன; உங்கள் குறிப்பேட்டை அவற்றோடு ஒப்பிடுவதையே முதல் பயிற்சியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு அரட்டைச் செயலியிடம் கேட்டால் நிரலை அதுவே எழுதித் தருகிறதே, இனி நூல் எதற்கு?
– ஒரு வாசகர், கரூர்

பதில்: பிழைச் செய்தியை விளக்கச் சொல்வதற்கும், நூலில் புரியாத பத்தியை எளிமையாக்கிக் கேட்பதற்கும் அதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், தனியாகக் கற்பவர்களுக்கு இவ்வளவு பொறுமையான துணை முன்பு இருந்ததில்லை. ஆனால் அது தரும் நிரல் தடையின்றி ஓடி, தவறான விடையைத் தரக்கூடும் என்பதைக் கண்ணால் கண்டு உணர வேண்டும். ஒரு தையல் லைனில் 500 பீஸ் தைத்து 50 பீஸ் ஒதுக்கப்பட்டது, அது 10 விழுக்காடு. இன்னொரு லைனில் 20,000 பீஸ் தைத்து 400 ஒதுக்கப்பட்டது, அது 2 விழுக்காடு. மொத்தத்தில் எத்தனை விழுக்காடு என்று கேட்டால், இரண்டின் சராசரியை எடுத்து 6 என்று சொல்லும் நிரலை எழுதுவது மிக எளிது. உண்மையில் 20,500க்கு 450, அதாவது 2.2 விழுக்காடு. 6 விழுக்காடு என்று அறிக்கை போனால் ஒரு சூப்பர்வைசரின் வேலைக்கே கேடு வரலாம். இந்த வேறுபாட்டைப் பிடிக்கும் கண் உங்களுக்கு வரும்வரை நூலும் கைக்கணக்கும் வேண்டும். சரக்கு வாங்கும் பையரின் பெயர், விலை, சம்பளப் பட்டியல் இருக்கும் கோப்புகளை நிறுவனத்தின் அனுமதியின்றி அத்தகைய செயலிகளில் ஏற்றாதீர்கள்.

கேள்வி: பழைய 4 ஜிபி மடிக்கணினிதான் இருக்கிறது. போதுமா? கைப்பேசியிலேயே கற்க முடியுமா?
– ஒரு வாசகர், தாராபுரம்

பதில்: போதும். சில லட்சம் வரிகள் கொண்ட அட்டவணையை 4 ஜிபி நினைவகம் தாங்கும். நிறுவுவதில் சிரமம் இருந்தால் கூகுள் கோலாப் தளத்தில் உலாவி வழியாகவே பைத்தானை இலவசமாக இயக்கலாம், கணக்கீடு முழுவதும் அவர்களுடைய கணினியில் நடக்கும். ஆர் மொழிக்குப் பாசிட் கிளவுட் தளத்தில் மாதந்தோறும் சில மணி நேரம் இலவசமாகக் கிடைக்கிறது. கைப்பேசியில் பாடத்தைப் பார்க்கலாம், பேருந்தில் போகும்போது நூலைப் படிக்கலாம். நிரலைத் தட்டிப் பழக விசைப்பலகை கட்டாயம் வேண்டும். மடிக்கணினியே இல்லாத வாசகர்கள், கைப்பேசியோடு இணையும் சிறு விசைப்பலகை ஒன்றை வாங்கிக்கொண்டு கோலாப்பில் தொடங்கலாம். திரை சிறியதென்பதால் அட்டவணையின் எல்லா நெடுவரிசைகளையும் ஒரே சமயத்தில் பார்க்க முடியாது. கேள்விக்குத் தேவையான மூன்று நான்கு நெடுவரிசைகளை மட்டும் பிரித்தெடுத்து வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.